பழைய மோட்டார் சைக்கிளுக்கு நல்ல கார்புரேட்டர் உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பால் சங்கத்தில் பால் எடுப்பது காலையில் ஒரு குறிப்பிட்ட நேரம் வரைதான். அந்த நேரம் தவறினால் கேனில் இருக்கும் பால் வீட்டுக்கே திரும்பும். கத்தரிக்காய், வெண்டைக்காய் மூட்டையோடு விடியற்காலையில் சந்தைக்குப் புறப்படுகிறவர் நிலையும் இதுதான். ஆகவே சிறு விவசாயியின் வாசலில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளும் மொபெட்டும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. ஏர், மண்வெட்டி போல அவையும் விவசாயக் கருவிகளே.

கடலூர் மாவட்டம், நல்லூர் ஒன்றியத்தில் இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் அனுபவத்தைக் கேளுங்கள். அவரிடம் இருப்பது இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்ட பழைய மொபெட். நிறுத்தி வைத்தால் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் சொட்டும். கார்புரேட்டர் கிட் மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்ல, இருப்பதிலேயே விலை குறைந்த கிட் ஒன்றை வாங்கி, அதில் இருந்த எல்லா உறுப்புகளையும் மாற்றிப் போட்டார். சொட்டுவது நின்றது. ஆனால் சில நாட்களிலேயே, இரண்டு கேன் பாலோடு வேகமாகப் போகையில் இன்ஜின் அளவு மீறிச் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொண்டு வண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டது. சிலிண்டருக்குப் போர் எடுத்துப் புதுப் பிஸ்டன் போட்ட செலவு, கிட்டின் விலையைப் போலப் பல மடங்கு ஆயிற்று.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பழைய ஜெட்டில் இருந்த அதே எண்தான் புது ஜெட்டிலும் பொறித்திருந்தது. ஆனால் துளை சிறியது. இன்ஜினுக்குப் போதிய பெட்ரோல் போகவில்லை. அவர் செய்திருந்த ஒரு நல்ல காரியம், கழற்றிய பழைய ஜெட்டுகளை எறியாமல் மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்ததுதான். அவற்றைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டிய பிறகு வண்டி நன்றாக ஓடுகிறது. உண்மையில் அந்த வண்டிக்குத் தேவைப்பட்டவை ஒரு மிதவை ஊசியும் ஒரு பேக்கிங்கும் மட்டுமே.

தேய்ந்ததை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றுவதைத் தரமாக மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் பழைய வண்டியைச் சொற்பச் செலவில் இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். அதற்கான வழிமுறைகள் இங்கே தரப்படுகின்றன.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு வந்த இருசக்கர வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. மின்னணுக் கருவி ஒன்று பெட்ரோலை அளந்து பீச்சுகிறது. அதற்கு முந்தைய வண்டிகளில்தான் கார்புரேட்டர் உண்டு.

நம் பக்கத்தில் இன்னும் ஓடும் பழைய வண்டிகளில் முதலில் சொல்ல வேண்டியது புல்லட். இங்கிலாந்தில் பிறந்த ராயல் என்ஃபீல்டு வண்டிகளை 1950-களில் சென்னை திருவொற்றியூரில் செய்யத் தொடங்கினர். ஆதிகாலப் புல்லட்டுகளில் ஆமல் என்னும் ஆங்கிலேயக் கம்பெனியின் கார்புரேட்டர் இருந்தது. பிற்காலத்தில் ஜப்பானிய மிக்குனி அமைப்பில் இந்தியாவில் செய்யப்பட்ட மிக்கார்ப் வந்தது. 350 சி.சி. புல்லட்டுக்கு 24 மில்லிமீட்டர் வாய் கொண்டதும், 500 சி.சி.க்கு 28 மில்லிமீட்டர் வாய் கொண்டதும் வழக்கம்.

மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் தொடங்கி 1996-ல் மூடப்பட்டது. அங்கே செய்த ஜாவா, யெஸ்டி வண்டிகளில் ஜிகோவ் என்னும் செக் நாட்டு அமைப்புக் கார்புரேட்டரைக் காணலாம். பரீதாபாத் எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத், 1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, பிறகு வந்த எக்ஸ்.எல். வகைகள் ஆகியவையும் இந்த வரிசையில் அடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2018-ல் ஜாவா என்ற பெயரிலும், 2022-ல் யெஸ்டி என்ற பெயரிலும் புது வண்டிகள் வந்துள்ளன. பெயர் ஒன்றானாலும் இன்ஜின் வேறு. உறுப்புகள் பழைய வண்டிக்குச் சேரா. புல்லட்டிலும் பிற்கால மாடல்களில் சவ்வு வைத்த வேறு வகைக் கார்புரேட்டர் உண்டு. எனவே கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த ஆண்டு வண்டி, கார்புரேட்டர் உடலில் பொறித்துள்ள எழுத்தும் எண்ணும் என்ன என்பதையும் சொல்லி வாங்க வேண்டும்.

கார்புரேட்டர் செய்யும் வேலை

நீர்ப்பாசனம் தெரிந்தவருக்குக் கார்புரேட்டரை விளக்குவது எளிது. டேங்கிலிருந்து இறங்கும் பெட்ரோல் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் வந்து நிற்கிறது. அதில் ஒரு மிதவை இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுவது போல, கிண்ணம் நிறைந்ததும் மிதவை எழும்பி ஓர் ஊசியால் வழியை அடைக்கிறது.

கிண்ணத்திலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பங்கிட்டு அனுப்பும் மதகுகள்தான் ஜெட்டுகள். வண்டி நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது ஸ்லோ ஜெட் வேலை செய்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் ஸ்லைடு என்னும் உருளை மேலே எழுகிறது. அதனுடன் சேர்ந்து எழும் நீண்ட கூர் ஊசி, நடு வேகத்தில் போகும் பெட்ரோலை அளக்கிறது. முழு வேகத்தில் மெயின் ஜெட் அளக்கிறது.

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் இந்த அளவுக்கு மிகுந்தால் கரும்புகை வரும், செலவு கூடும். குறைந்தால் இன்ஜின் சூடேறும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் உயவு எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே செல்வதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. பிஸ்டன் பிடிப்பது இதனால்தான்.

முதலில் நோயைக் கண்டறியுங்கள்

பயிர் மஞ்சளானால் உடனே யூரியா போடுவது அறிவுடைமை ஆகாது. நோயா, சத்துக் குறைவா, தண்ணீர் தேங்கியதா என்று பார்க்க வேண்டும். வண்டிக்கும் அப்படியே. கார்புரேட்டர் கோளாறு என்று நினைப்பதில் பாதி, வேறு இடத்துக் கோளாறாக இருப்பதுண்டு.

டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டால் வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். டேங்கின் உள்ளே துரு இருந்தால், எத்தனை முறை ஜெட்டைச் சுத்தம் செய்தாலும் மறுநாளே அடைக்கும். பழைய வண்டிகளில் பாயின்ட் தேய்ந்தாலும், கண்டென்சர் கெட்டாலும், சூடானபின் ஸ்டார்ட் ஆகாது. காற்று வடிகட்டியில் புழுதி அடைந்தால் பெட்ரோல் மிகுந்துவிடும். கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், அந்த வழியாகக் காற்று புகுந்து பெட்ரோல் குறைந்துபோகும். வண்டி நிதானமாக ஓடும்போது அந்த இணைப்பின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பீங்கான் தொழில் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் அங்கே உண்டு. சூளையில் தீயின் குணம் பீங்கானின் நிறத்தில் தெரியும் என்பது அந்த ஊரார் அறிந்த செய்தி. பிளக்கின் நடுவிலிருக்கும் வெள்ளைப் பீங்கானும் இன்ஜினுக்குள் எரியும் தீயின் குணத்தைக் காட்டுகிறது. இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. சுண்ணாம்பு போல வெளுத்து, ஓரம் பொரிந்திருந்தால் பெட்ரோல் குறைவு. அந்த நிலையில் வண்டியை வேகமாக ஓட்டக் கூடாது. நாலைந்து கிலோமீட்டர் வேகமாக ஓட்டி, ஆக்சிலேட்டரை மூடி, உடனே இன்ஜினை நிறுத்திப் பார்த்தால்தான் நிறம் சரியாகத் தெரியும். பிளக்கைக் கழற்றுமுன் சற்று ஆறவிடுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

பழைய வண்டிக்காரர்கள் இப்போது தெரிந்துகொள்ள வேண்டிய புதுச் செய்தி இது. 2022 ஜூனில் நம் நாட்டுப் பெட்ரோலில் 10 சதவிகிதம் எத்தனால் கலக்கும் இலக்கு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவிகிதம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-ல் அது நாடு முழுவதும் வழக்கமாகிவிட்டது. எத்தனால் கரும்பிலிருந்தும், மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்தும் கிடைக்கிறது. கடலூர் மாவட்டத்தில் கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடும் நமக்கு இதில் நன்மை உண்டு. ஆனால் நாம் விளைவித்த பொருளிலிருந்து வந்த எரிபொருளே நம் பழைய வண்டிக்குச் சில தொல்லைகளையும் தருகிறது.

முதலாவது, சாதாரண ரப்பர், தக்கை, மட்டமான பிளாஸ்டிக் ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பும், அல்லது இறுகி வெடிக்கும். இரண்டாவது, எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் வண்டியை நிறுத்திப் போட்டால் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் சேர்ந்து உலோகம் பூத்துப்போகும். பழைய கார்புரேட்டர் உடல்கள் பல, துத்தநாகம் கலந்த வார்ப்பு. அவற்றில் வெள்ளைப் பொடி போலப் பூக்கும். மூன்றாவது, 1 கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காற்றே போதும். ஆகவே பழைய ஜெட்டின் வழியே இந்தப் பெட்ரோல் போகும்போது, கலவை சற்றுப் பெட்ரோல் குறைந்ததாக ஆகிறது.

எத்தனாலின் எரிசக்தி, பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவிகிதக் கலவைக்கு ஏற்பச் சரிசெய்த இருசக்கர வண்டிகளில் 20 சதவிகிதக் கலவையால் மைலேஜ் 3 முதல் 4 சதவிகிதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை கணித்தது. ஆகவே மைலேஜ் சிறிது குறைந்ததற்காகக் கார்புரேட்டரை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதிலுள்ள ரப்பர் உறுப்புகளை எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றுவது அவசியம்.

உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பது

மிதவை ஊசி: பெட்ரோல் சொட்டுவதற்கு முதற்காரணம் இதுதான். ஊசியின் முனையில் வளையம் போலப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். முனையில் வைட்டான் என்னும் ரப்பர் வைத்த ஊசி எத்தனாலைத் தாங்கும். ரப்பரின் நிறத்தை வைத்து அது வைட்டான்தானா என்று முடிவு செய்ய முடியாது. உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊசி உட்காரும் இருக்கையும் தேய்ந்திருந்தால், இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். மாட்டியபின், பெட்ரோல் ஊற்றுமுன், கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்துப் பெட்ரோல் வரும் வாயில் சுத்தமான குழாய் வைத்து மெல்ல ஊதுங்கள். காற்று போகாவிட்டால் ஊசி சரியாக அடைக்கிறது.

மிதவை: பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. தெரியாவிட்டால் வெந்நீரில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. உள்ளே பெட்ரோல் இருக்கும் மிதவைக்கு ஈயம் பற்றவைக்க முயல வேண்டாம், வெடிக்கும். புது மிதவையின் எடையும் உயரமும் பழையதைப் போல இருக்க வேண்டும். கனமான மிதவை தாழ்ந்து மிதக்கும்; பெட்ரோல் மட்டம் ஏறிச் சொட்டும்.

ஜெட்டுகள்: பெட்ரோல் மட்டுமே போகும் பித்தளை ஜெட், எளிதில் தேயாது. அடைத்திருந்தால் சுத்தம் செய்தால் போதும். மருந்து தெளிப்பானின் முனையைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகித் தெளிப்பு கெடும் அல்லவா? ஜெட்டையும் கம்பியாலோ ஊசியாலோ குத்தக் கூடாது. பெட்ரோலில் ஊறவைத்து, காற்றடித்து, தேவையானால் மீன் தூண்டில் நைலான் இழையை நுழைத்து எடுக்கலாம். முன்பே யாரேனும் குத்திக் கெடுத்திருந்தால்தான் மாற்ற வேண்டும்.

ஜெட்டின் எண்ணைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி. ஆமல் ஜெட்டின் எண், ஒரு நிமிடத்தில் எத்தனை சி.சி. திரவம் ஓடுகிறது என்பதைக் குறிக்கும். கீஹின், டெல்லார்ட்டோ கம்பெனிகளின் எண், துளையின் விட்டத்தைக் குறிக்கும். மிக்குனியில் இரண்டு வகையும் உண்டு. எனவே ஒரு கம்பெனியின் 100 மற்றொரு கம்பெனியின் 100-க்குச் சமம் அல்ல. உங்கள் கார்புரேட்டரைச் செய்த கம்பெனியின் ஜெட்டே வேண்டும்.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மி.லி. சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, அடியில் சிறு ரப்பர் குழாய் செருகி, அதில் மெயின் ஜெட்டைப் பொருத்துங்கள். தண்ணீர் நிரப்பி, அது வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். பழைய ஜெட்டையும் புது ஜெட்டையும் மும்மூன்று முறை சோதியுங்கள். எண் ஒன்றாக இருந்தும் நேரம் வெகுவாக வேறுபட்டால் புது ஜெட்டை மாட்ட வேண்டாம். மேலே சொன்ன விவசாயி இதைச் செய்திருந்தால் அவருடைய பிஸ்டன் தப்பியிருக்கும்.

நீண்ட ஊசியும் அதன் குழலும்: வண்டி ஓடும் நேரமெல்லாம் ஊசி குழலில் உராய்வதால், குழலின் வட்டத் துளை காலப்போக்கில் முட்டை வடிவமாகிவிடும். நடு வேகத்தில் கரும்புகை, மைலேஜ் குறைவு, மற்ற வேகத்தில் குறையில்லை என்றால் இதுவே காரணம். இவற்றையும் ஜோடியாக மாற்றுங்கள். ஊசியைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். கோணல் இருந்தால் தெரிந்துவிடும். பழைய ஊசியில் கொக்கி எந்தப் பள்ளத்தில் இருந்ததோ, புது ஊசியிலும் அதே பள்ளத்தில் போடுங்கள்.

ஸ்லைடு: உடலுக்குள் விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தடதடவென்று ஆடினால் தேய்ந்துவிட்டது. வண்டி நின்ற நிலையில் ஒரே சீராக ஓடாது. ஒருமுறை ஏறும், ஒருமுறை அணையும். புது ஸ்லைடு போட்டும் ஆட்டம் நிற்காவிட்டால் உடலே தேய்ந்துள்ளது. அப்போதுதான் முழுக் கார்புரேட்டர் வாங்குவது நியாயம்.

பேக்கிங், ஓ-ரிங்: ஒருமுறை கழற்றினால் இவற்றைப் புதிதாகப் போடுவதே நல்லது. பேக்கிங்கின் கனம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். அதிலுள்ள துளைகள் உடலிலுள்ள துளைகளோடு சரியாகப் பொருந்துகின்றனவா என்று வைத்துப் பாருங்கள். ஒரு சிறு துளை மறைந்தாலும் வண்டி ஓடாது. பேக்கிங்குக்குப் பதில் சிலிக்கான் பசை தடவக் கூடாது. அது பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து ஜெட்டை அடைக்கும். ஓ-ரிங்கைச் சோதிக்க, இரண்டாக வாங்கி, ஒன்றை மட்டும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் பெட்ரோல் ஊற்றி ஒரு நாள் ஊறவிடுங்கள். எடுத்து மற்றதோடு ஒப்பிட்டால் உப்பியதா, குழைந்ததா என்பது தெரிந்துவிடும். புட்டியை அடுப்பு, விளக்கு, பீடி நெருப்பு அண்டாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

போலியை அறிவது எப்படி?

சான்று அட்டை இல்லாத விதையை வாங்கி ஏமாந்தவருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. விதை மூட்டையில் அட்டையைப் பார்ப்பது போல, உதிரிபாக உறையிலும் பார்க்க வேண்டியவை உண்டு. உறையில் அடைத்து விற்கும் பொருளின் மேல் தயாரித்தவர் அல்லது அடைத்தவரின் பெயர், முகவரி, எண்ணிக்கை, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் சொல்லும் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். இவை இல்லாத உறையை வாங்காதீர்கள்.

உறை சரியாக இருந்தாலும் பொருளைப் பாருங்கள். நல்ல ஜெட்டில் எண் கூர்மையாகப் பதிந்திருக்கும். திருப்புளி வைக்கும் பள்ளம் நடுவில் நேராக இருக்கும். மரை வழவழப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாக, பிசிறில்லாமல் தெரியும். மட்டமான ஜெட்டில் எண் மங்கலாகவோ சாய்ந்தோ இருக்கும். துளையின் ஓரத்தில் பிசிறு தெரியும். பழைய ஜெட்டையும் புது ஜெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம், மரை, தலை மூன்றையும் ஒப்பிடுங்கள்.

இருபது சாமான் அடங்கிய கிட் மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம். அதில் உங்களுக்குத் தேவைப்படுவது மூன்றோ நான்கோதான். அந்த மூன்று நான்கையும் கம்பெனிச் சரக்காகத் தனித்தனியே வாங்குவது நன்று. தனியாகக் கிடைக்காமல் கிட்டாகத்தான் வாங்க வேண்டியிருந்தால், அதிலுள்ள ரப்பர், பேக்கிங் மட்டும் மாட்டி, உங்கள் பழைய ஜெட்டுகளையே வைத்துக்கொள்ளலாம்.

எங்கே வாங்குவது?

முதலில் உங்கள் வண்டிக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில் கேளுங்கள். புல்லட், எக்ஸ்.எல். போன்றவற்றுக்கு உறுப்புகள் எளிதில் கிடைக்கும். நின்றுபோன வண்டிகளுக்குச் சென்னை புதுப்பேட்டைச் சந்தை நெடுங்காலமாகப் பேர்பெற்றது. அங்கே கழற்றிய பழைய சாமான் கிடைக்கும். தேயாத அசல் பழைய உடல், புதுப் போலியைவிட மேலானது. ஆனால் பழையதில் ஊசி, ரப்பர் ஆகியவற்றை நம்பக் கூடாது. உடல், மூடி, கிண்ணம் ஆகியவற்றை மட்டும் வாங்கலாம். இன்ஜினோடு சேரும் முகத்தைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் முகம் வளைந்திருக்கிறது. அங்கே காற்று புகும்.

எங்கே வாங்கினாலும் பழைய உறுப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். பொருள் மோசம் என்று தெரிந்து கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். ரசீது இல்லாவிட்டால் வழக்கு நிற்பது கடினம்.

பொருத்தும்போது

பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, காற்றோட்டமான வெளியிடத்தில் வேலை செய்யுங்கள். வெள்ளைத் துணி விரித்து, கழற்றும் வரிசையிலேயே உறுப்புகளை வையுங்கள். பித்தளை ஜெட்டை மெதுவான வார்ப்பு உடலில் முரட்டுத்தனமாக முடுக்கினால் மரை போய்விடும். விரலால் திருகி, கடைசியில் மட்டும் திருப்புளியால் இறுக்கினால் போதும். முகத்திலுள்ள இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் முகம் வளையும். பெட்ரோல் குழாய் இறுகி விறைத்திருந்தால் அதையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாகப் பொருத்திய பிறகும் பிளக் வெளுத்தே இருந்தால், மெயின் ஜெட்டில் ஓர் எண் மட்டும் பெரியதைப் போட்டு மறுபடி பிளக்கைப் பாருங்கள். பெரிய ஜெட் போட்டால் இழுவை கூடும் என்று நாலைந்து எண் தாண்டிப் போடுவது பெட்ரோலை வீணாக்குவதாகும்.

வேலை முடிந்ததும் புகைப் பரிசோதனை நிலையத்துக்குப் போங்கள். சான்றிதழ் எப்படியும் வாங்க வேண்டியதுதான். அந்த எந்திரம் காட்டும் கார்பன் மோனாக்சைடு அளவு, நிதான ஓட்டத்தில் கலவை சரியா என்பதையும் சொல்லிவிடும். 2000 மார்ச் 31-க்குள் தயாரான இருசக்கர வண்டிக்கு 4.5 சதவிகிதமும், அதற்குப் பின் வந்த கார்புரேட்டர் வண்டிக்கு 3.5 சதவிகிதமும் உச்ச வரம்பு. அளவு மிகுந்திருந்தால் ஸ்லோ ஜெட்டின் கலவைத் திருகைச் சரிசெய்து குறைக்கலாம்.

பிறகு பராமரிப்பு

பத்து நாளுக்கு மேல் வண்டியை நிறுத்துவதானால் பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்தை வடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் டேங்கின் அடிப்பகுதிப் பெட்ரோலைச் சிறிது கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள். அடியில் வேறு நீர் பிரிந்து நின்றால் முழுதும் வடித்துவிட வேண்டும். பெட்ரோல் சொட்டும் வண்டியை ஒரு நாள்கூட வைக்கோல் போர் அருகிலோ, வீட்டுக்குள்ளோ, மாட்டுக்கொட்டகையிலோ நிறுத்தாதீர்கள். வண்டி போனால் வேறு வாங்கலாம். கொட்டகையில் தீப்பிடித்தால் குடும்பமே தெருவில் நிற்கும்.

கழற்றிய பழைய ஜெட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, வண்டியின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை எது சரியான அளவு என்று காட்டும் சாட்சி அவைதாம்.

புது வண்டி வாங்கக் கடன் கொடுக்க இன்று பலர் தயாராக இருக்கிறார்கள். அந்தக் கடனுக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டியவர் பால் விற்ற காசில்தான் கட்ட வேண்டும். கெட்ட ஓர் ஊசிக்காகவும் ஒரு பேக்கிங்குக்காகவும் நல்ல வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நோயறிந்து, தேவையானதை மட்டும், தரமாக வாங்கி மாற்றிக்கொண்டால், அப்பா காலத்து வண்டியிலும் காலைப் பால் நேரத்துக்குச் சங்கம் போய்ச் சேரும்.